பழைய திரைப்பட இசையின் ஒலிநயம்: கணினி வாத்தியங்களைக் கலக்கும் முறை

பழைய ஆங்கிலத் திரைப்படங்களின் பின்னணி இசையைச் செவியுறுவோர், படத்தைக் காணாமலே, அஃது எக்காலத்தது என்பதை நொடியில் உணர்ந்துகொள்கின்றனர். மாக்ஸ் ஸ்டைனர் 1933-ஆம் ஆண்டில் ‘கிங் காங்’ படத்திற்கு அமைத்த இசையும், எரிக் கோர்ன்கோல்ட் 1938-ஆம் ஆண்டில் ‘ராபின் ஹுட்டின் சாகசங்கள்’ என்னும் படத்திற்கு அமைத்துப் பரிசு பெற்ற இசையும் இத்தன்மையன. இந்நாளிலோ, மாணவன் ஒருவன் தன் அறையில் உள்ள கணினியைக் கொண்டே நூறு வாத்தியங்களை ஒருங்கே முழங்கச் செய்யலாம். ஆயினும் அம்முழக்கத்திற்கு அப்பழைய நயம் தானே வந்து பொருந்துவதில்லை. அதனை வருவித்தற்குரிய முறை யாதென்பதை, எமது சிற்றனுபவத்தைத் துணையாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாடகம் ஒன்றிற்காக இரண்டு நிமிட அளவினதாகிய முகப்பிசை ஒன்றை யாம் கணினியில் இயற்றினோம். பழைய படத்தின் இசைபோல அஃது ஒலித்தல் வேண்டும் என்பது எம் விருப்பம். ஆதலின், இசையை முதலில் மிகத் தெளிவாக அமைத்துப் பின்னர் மேலொலிகளை வெட்டினோம், இரைச்சலைச் சேர்த்தோம், இசைத்தட்டின் கீறலொலியையும் கூட்டினோம். மேனாட்டுச் சங்கீதத்தில் நெடுநாட் பயிற்சியுடைய முதிய ஆசிரியர் ஒருவர் அதனைக் கேட்டருளினார். கேட்டு முடிந்தபின் அவர் எம்மை நோக்கி, “தம்பிகளே, இவர்கள் எல்லாரும் எங்கே உட்கார்ந்து வாசித்தார்கள்?” என்று வினவினார். எம்மிடம் விடை இல்லை. ஏனெனில், அவர்கள் ஓரிடத்திலும் ஒருங்கு அமர்ந்தவர் அல்லர். அவ்வினாவே எமக்குப் பாடமாயிற்று.

கணினி வாத்தியம் என்பது யாது? மெய்யான வாத்தியக்காரர் ஒருவரையோ ஒரு குழுவினரையோ அழைத்து, ஒவ்வொரு சுரத்தையும் மெலிதாகவும் வலிதாகவும் பன்முறை வாசிக்கச் செய்து, அவற்றைத் தனித்தனியே பதிந்து வைத்த தொகுதியே அது. கட்டையை அழுத்தும்போது, அதற்குரிய பதிவைக் கணினி எடுத்து ஒலிக்கின்றது. வயலின் ஒரு நாள் பதியப்பட்டிருக்கும். ஹார்ன் பிறிதொரு நாள், பிறிதோர் அறையில் பதியப்பட்டிருக்கும். ஒருவர் ஒலியை மற்றவர் கேட்டிலர். எனவே, ஒவ்வொன்றும் தனித்தனியே அழகுடையதாயினும், கூட்டினால் கூட்டமாகின்றதேயன்றிக் குழுவாவதில்லை.

பழைய முறையோ இதற்கு நேர்மாறானது. இசையமைப்பாளர் எதிரே திரை ஓட, வாத்தியக் குழுவினர் யாவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து வாசித்தனர். ஒலிவாங்கிகள் மிகச் சிலவே. 1930-களின் தொடக்கத்தில் ஹாரி ஓல்சன் முதலியோரால் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட ரிப்பன் ஒலிவாங்கி அக்காலத்தில் பெருவழக்குற்றது. காந்தத்தின் இடையே தொங்கும் மெல்லிய உலோக நாடாவே அதன் செவி. அது முன்னும் பின்னும் வரும் ஒலியை ஏற்கும். பக்கங்களில் வருவதைப் பெரும்பாலும் ஏலாது. கூர்மையான மேலொலிகளை அது சற்று மென்மையாக்கித் தருதலின், டிரம்பெட்டும் வயலினும் செவியை உறுத்தாமல் ஒலித்தன. வயலினுக்கென நின்ற ஒலிவாங்கியில் ஹார்னின் ஒலியும் கசிந்து புகுந்தது. இக்கசிவே குழுவை ஒன்றாகப் பிணைத்த பசை என்க.

அங்ஙனம் பிறந்த ஒலி ஒளியாக மாற்றப்பட்டுப் படச்சுருளில் பதியப்பட்டது. ஒலிக்கேற்பக் கருமையின் செறிவு மாறுவது ஒரு முறை. கரும்பட்டையின் அகலம் மாறுவது மற்றொரு முறை. நொடிக்கு 24 படங்களாக, ஏறத்தாழ 18 அங்குல நீளம் சுருள் ஓடிற்று. சுருளின் மணித்துகள்கள் இரைச்சலை விளைத்தலின், திரையரங்குகளில் மேலொலியை அடக்கி ஒலிபரப்பினர். 1938-ஆம் ஆண்டில் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தார் இதற்கு ஓர் அளவு வகுத்தனர். அதன்படி 100 முதல் 1,600 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகள் சமமாக நிற்கும். 5,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 10 டெசிபலும், 8,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 18 டெசிபலும் குறையும். அரங்கில் இங்ஙனம் குறையும் என்பதை அறிந்த பதிவாளர்கள், பதியும்போதே மேலொலிகளைச் சற்று உயர்த்திப் பதிந்தனர். இதனை அறியாது மேலொலியை வெட்டுதல் மட்டும் செய்தமையாலேயே எம் முதல் முயற்சி, பழைய படத்தின் இசையாகாது, பழுதுற்ற தொலைபேசியின் ஒலியாயிற்று.

இவற்றால் அறியப்படும் உண்மை ஒன்றுண்டு. பழைமையின் நயம் குறைகளைப் பின்னே பூசுவதனால் வருவதன்று. அக்குறைகளுக்கு முன்னின்ற காரணங்களை வரிசையாகப் பின்பற்றுவதனால் வருவது. ஆதலின், கலக்கும் முறையையும் அவ்வரிசையிலேயே கூறுவோம்.

முதலாவது, எழுதும் இசை. ஒலிவாங்கிகள் சிலவாக இருந்தமையால், எவ்வாத்தியம் மேலோங்க வேண்டும் என்பதைப் பதிவாளரின் விரலுக்கு விடாது, இசையை எழுதுவோரே தாளில் முடிவு செய்தனர். கோர்ன்கோல்டின் இசைக்கு வாத்தியப் பங்கீடு செய்த ஹ்யூகோ ஃப்ரீட்ஹோஃபர் போன்றோரின் திறன் இதன்கண் விளங்கும். ஆகவே, மெல்லிய புல்லாங்குழலின் கீழ் மூன்று டிரம்போன்களை எழுதிவிட்டு, பின்னர்க் குமிழைத் திருகிக் குழலை உயர்த்துதல் தகாது. வாத்தியங்களின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளல் நன்று. அறுபது வயலின்களின் தொகுதியைவிடச் சிறிய குழுவின் தொகுதியே அக்கால நயத்திற்கு அணுக்கமானது.

இரண்டாவது, வாசிப்பு. அக்காலத்து வயலின் வாசிப்பில் சுரத்தினின்று சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் இழைவும், நெகிழ்ந்த அசைவும் மிகுதி. 1939-இல் வெளிவந்த ‘வுதரிங் ஹைட்ஸ்’ படத்தில் ஆல்பிரட் நியூமன் அமைத்த தந்தி வாத்திய இசை இதற்குச் சான்றாகும். கணினித் தொகுதியில் இவ்விழைவு இருப்பின், உணர்ச்சி பொங்கும் தாவல்களில் மட்டும் அதனை வழங்குக. எல்லாச் சுரங்களும் தாளக் கோட்டின்மேல் இம்மியும் பிசகாது வீழ்தல் வேண்டா. ஒவ்வொரு குழுவும் ஒரு சிறிது முன்பின்னாகத் தொடங்குக.

மூன்றாவது, கூடம். தற்காலத் தொகுதிகளில் ஒவ்வொரு வாத்தியமும் அண்மை, நடு, சேய்மை எனப் பல ஒலிவாங்கிகளால் பதியப்பட்டிருக்கும். அண்மைப் பதிவை மிகக் குறைத்து நடுப் பதிவையே பெரிதும் கொள்க. பின்னர் எல்லா வாத்தியங்களையும் ஒரே எதிரொலிக் கருவிக்கு அனுப்புக. முன்வரிசையாகிய வயலினுக்குக் குறைவாகவும், பின்வரிசையாகிய ஹார்னுக்கும் தாளவாத்தியங்களுக்கும் மிகுதியாகவும் அனுப்பினால், அவை ஒரே கூடத்தில் அமர்ந்தாற்போல் தோன்றும். எதிரொலி பேராலயத்தின் நீண்ட முழக்கமாக இருத்தல் கூடாது. எமக்கு ஒன்று முதல் ஒன்றரை நொடி அளவே பொருத்தமாயிற்று.

நான்காவது, ஒற்றை வழி. அக்காலத் திரையரங்குகளில் ஒலி திரையின் பின்னே நடுவினின்று ஒரே வழியாக வந்தது. 1940-இல் வெளிவந்த ‘ஃபேன்டாசியா’ பல வழி ஒலியைக் கையாண்டது புறநடையாகும். எனவே இடவலப் பரப்பை நீக்கி, ஒற்றை வழியிலேயே கலவையை அமைக்க. அகலம் இல்லாதபோது ஆழமே உதவும்: அண்மையது தெளிவாகவும், சேய்மையது மங்கலாகவும் ஒலித்தல் வேண்டும். ஒற்றை வழியில் தெளியாத கலவை இரட்டை வழியில் தெளிவதுபோலத் தோன்றுதல் மயக்கமே.

ஐந்தாவது, படச்சுருள். இவ்விடத்தேதான் குறைகளுக்கு இடம் உண்டு. முழுக்கலவையின் உரத்த பகுதிகளை மெல்ல அடக்குக. சிறிதளவு திரிபு சேர்க்க. மூவாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைச் சற்று உயர்த்தியபின், மேற்கூறிய 1938-ஆம் ஆண்டு அளவை ஒட்டி மேலொலியைச் சரிவாக இறக்குக. மிகத் தாழ்ந்த ஒலிகளையும் குறைக்க. சுருளின் ஓட்டத்தால் நேரும் சுருதி நடுக்கத்தை, உணர்ந்தும் உணராத அளவில் சேர்க்கலாம். இரைச்சலை இறுதியாக, மௌனத்தில் மட்டும் கேட்கும் அளவில் வைக்க. இசைத்தட்டின் கீறலொலிக்குப் படச்சுருளில் இடமே இல்லை.

இன்னும் ஒன்று கருதற்பாலது. பழைமை என்பது ஒரே காலம் அன்று. 1940-களின் இறுதியிலும் 1950-களின் தொடக்கத்திலும் படத்தொழிற்கூடங்களில் காந்தப் பதிவு புகுந்தது. ஒலியின் பரப்பும் தெளிவும் மிகுந்தன. ஆதலின் 1938-ஐப் போலச் செய்வோமா, 1958-ஐப் போலச் செய்வோமா என்று முதலில் துணிந்துகொண்டு, அக்காலப் பதிவொன்றை அருகில் வைத்து அடிக்கடி ஒப்பிட்டுக் கேட்டல் வேண்டும். செவியே இதில் ஆசான்.

இம்முறையில் எம் முகப்பிசையை மீண்டும் அமைத்தோம். இரைச்சலையும் நடுக்கத்தையும் சேர்ப்பதற்கு முன்னரே, கூடமும் ஒற்றை வழியும் அமைந்த அளவிலேயே, பழைய நயம் பெரிதும் வந்துவிட்டதைக் கண்டு வியப்புற்றோம். அம்முதிய ஆசிரியரிடம் மீண்டும் கொண்டு சென்றோம். அவர் கண்மூடிக் கேட்டு, “இப்பொழுது உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை” என்றார். அது மெய்யே. ஒருவர் மூச்சைக் கேட்டு மற்றொருவர் வில்லெடுக்கும் நுட்பத்தைக் கணினிக்குள் வருவிக்க எம்மால் இயலவில்லை.

ஆகவே, நாடக நிகழ்ச்சி நிரலில், “இவ்விசை கணினியால் இயன்றது” என்று வெளிப்பட எழுதினோம். பெயர் அறியப்படாத வாத்தியக்காரர் பலர் ஒரு கூடத்தில் கூடி உழைத்துத் தந்த நயத்தை நாம் பின்பற்றலாம். அதனை எமதென்று காட்டிப் பிறரை மயக்குதல் தகாது. இக்கலையிற் புகும் மாணவ நண்பர்கள், கருவிகளைத் திருத்தும் முன்னர், அவ்வாசிரியரின் வினாவைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக: இவர்கள் எங்கே உட்கார்ந்து வாசிக்கின்றார்கள்? அதற்கு விடை கண்டபின் எஞ்சிய வேலை எளிதாகும்.