“போய் இறங்கு, வேலை கிடைக்கும்” என்ற பொய்

திருவண்ணாமலை பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் இந்த ஒரு பேச்சு மட்டும் ஓய்வதே இல்லை. “சிங்கப்பூருக்கு டூரிஸ்ட் விசாவுல ஏறிப் போயிடு மச்சான். அங்க நம்ம ஆளுங்க நெறைய பேரு இருக்காங்க. ஏதாவது கடையில சேர்ந்துட்டு, அப்புறமா பெர்மிட்டா மாத்திக்கலாம்.” செங்கத்திலும் இதே பேச்சு, போளூரிலும் இதே பேச்சு. தண்டராம்பட்டுப் பக்கம் வேர்க்கடலை பிடுங்கும் கொல்லையில்கூட இதே பேச்சு. சொல்கிறவர் அப்படிப் போனவராக இருக்கமாட்டார். “எங்க மாமா பையனோட ஃபிரண்டு ஒருத்தன் போனான்” என்பார். அந்த ஃபிரண்டு எந்தக் கம்பெனியில் இருக்கிறான் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

இது பொய். கால்வாசி உண்மைகூட இல்லாத பொய். இதை நம்பி வீட்டு நகை அடகுக்கடைக்குப் போகிறது, கறவை மாடு சந்தைக்குப் போகிறது. உண்ணாமுலையம்மன் சன்னதியில் பாஸ்போர்ட்டை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பையன் விமானம் ஏறுகிறான். அதனால் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டுக்குத் தொழிலாளி விண்ணப்பம் போடவே முடியாது. போட வேண்டியவர் முதலாளி. அவர் அந்நாட்டு மனிதவள அமைச்சில் விண்ணப்பித்து, ஒப்புதல் கிடைத்ததும் ஒரு கடிதம் வரும். போய் வந்தவர்கள் ‘ஐபிஏ’ என்று சொல்வது அதைத்தான். அது கைக்கு வந்த பிறகே பயணம். உள்ளே நுழைவதற்கான விசாவும் அந்தக் கடிதமேதான். மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) பிணை கொடுக்க வேண்டும், ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், மாதாமாதம் அரசுக்கு லெவி கட்ட வேண்டும். இத்தனை கணக்குக்குள் இருக்கும் ஒருவர், சுற்றுலா வந்து தெருவில் நிற்கும் பையனைக் கூப்பிட்டு நாளைக்கே வேலையில் சேர் என்று சொல்வாரா?

சுற்றுலாவாகப் போகிறவருக்குக் கொடுப்பது குறுகிய கால அனுமதி. அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் தட்டு கழுவினாலும் குற்றம். அனுமதியில்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அனுமதிக் காலம் முடிந்து 90 நாளுக்கு மேல் தங்கிவிட்டால், 50 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்குச் சிறையோடு பிரம்படியும் உண்டு. மிரட்டுவதற்காக எழுதி வைத்த சட்டம் இல்லை இது, நிறைவேற்றப்படும் தண்டனை.

“ஏதாவது கடையில சேர்ந்துட்டு” என்கிறார்களே, அதுவும் தப்பு. இந்தியர்களை எல்லாத் துறையிலும் வொர்க் பெர்மிட்டில் எடுக்க அங்கே சட்டம் இடம் தருவதில்லை. காலங்காலமாக நம்மவர்களுக்குத் திறந்திருப்பது கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற சில துறைகள்தான். 2023 செப்டம்பரில் ஒரு பட்டியல் வந்தது. ஹோட்டலில் அறை பராமரிப்பு, பெட்டி தூக்குவது, இந்திய உணவகத்தில் சமையல், வெல்டிங் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் கதவு திறந்தது. அதற்கும் மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் என்ற நிபந்தனை உண்டு. துணிக்கடையில் விற்பனை, சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுவது இவை அந்தப் பட்டியலில் இல்லை. ஏஜென்ட்கள் அதிகம் காட்டி ஆசையூட்டுவதோ இந்த ஏசி வேலைகளைத்தான்.

பிறகு ஏன் இந்தப் பொய் சாகவில்லை? அது ஏஜென்ட்டுக்கு வசதி. முதலாளியைத் தேட வேண்டாம், ஐபிஏவுக்குக் காத்திருக்க வேண்டாம். டிக்கெட்டும் டூரிஸ்ட் விசாவும் எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகு அந்த போன் நம்பர் எடுக்காது.

இதில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வேலைக்குப் போகும்போது குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகள் கொண்ட பட்டியல் ஒன்றை இந்திய அரசு வைத்திருக்கிறது. மலேசியா அதில் உண்டு, வளைகுடா நாடுகள் உண்டு. சிங்கப்பூர் இல்லை, மாலத்தீவும் இல்லை. ஆகவே போகிறவரின் வேலைக் காகிதத்தை இந்தப் பக்கத்தில் அந்தப் பாதுகாவலர் பார்ப்பதில்லை. அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டூரிஸ்ட் விசா எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2022ஆம் ஆண்டு ஒன்றே போதும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போகப்பட்ட தமிழ் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டார்கள். ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடிக்கப்பட்டார்கள். அந்த அக்டோபரில் ஒரு குழு மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தது. படிப்பறிவில்லாதவர்கள் என்று அவர்களைத் தள்ளிவிட முடியாது. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள்.

சரி, ஐபிஏ வந்துவிட்டது என்று வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் வருகிறது. பெரும்பாலானவர்கள் மேலே இருக்கும் பெயரையும் கம்பெனி பெயரையும் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு போன் போட்டு “வந்துடுச்சுப்பா” என்கிறார்கள். விரலை இன்னும் கொஞ்சம் கீழே தள்ள வேண்டும். அடிப்படைச் சம்பளம் ஒரு வரியில் இருக்கும். படிகள் தனி வரி. சம்பளத்தில் பிடிக்கும் தொகை தனி வரி. ஏஜென்ட் கட்டணத்துக்கும் ஒரு வரி உண்டு. ஏஜென்ட் வாயால் சொன்னது 1,200, கடிதத்தில் 600 என்று இருந்தால், அங்கே செல்லுபடியாவது 600. கடிதத்தில் உள்ள சம்பளத்தைத் தொழிலாளியின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் முதலாளி குறைக்கவும் முடியாது. தொழிலாளியின் தாய்மொழியில் ஒரு பிரதியை அவர் கிளம்புவதற்கு முன்பே அனுப்ப வேண்டும் என்பதும் சிங்கப்பூர் விதி. தமிழ்ப் பிரதி தராத ஏஜென்ட்டிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். கடிதம் உண்மையா என்று மனிதவள அமைச்சின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். செலவு கிடையாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

“காசு கொடுத்தா விசா வாங்கிடலாம்.” வேலை தருவதற்காக முதலாளியே தொழிலாளியிடம் காசு வாங்கினால் சிங்கப்பூரில் அவருக்குச் சிறை உண்டு. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்பவர் சட்டத்துக்கு வெளியே நின்று கேட்கிறார்.

“டிகிரி இருக்கு, டெஸ்ட் அடிக்க வேண்டாம்.” கட்டுமானத்துக்கு வொர்க் பெர்மிட்டில் போகிறவர் பிளம்பிங், டைல்ஸ், கம்பி கட்டுவது என ஏதாவது ஒரு தொழிலில் ஸ்கில் டெஸ்ட் பாஸாக வேண்டும். டிகிரியை வைத்து எஸ் பாஸ் என்ற வேறு வேலை அனுமதியில் போகலாம் என்றால், 2025 செப்டம்பர் முதல் அதற்குக் குறைந்த சம்பளம் 3,300 வெள்ளி. அனுபவமே இல்லாதவருக்கு அதைத் தர ஒரு கம்பெனி முன்வர வேண்டும்.

“தமிழ் அங்க ஆட்சிமொழி.” ஆமாம், நான்கில் ஒன்று. சைட்டில் பாதுகாப்பு விதிகளை எப்போதும் தமிழிலேயே சொல்வார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது.

“மாலத்தீவுக்கு விசாவே வேண்டாம்.” 2019 முதல் இந்தியர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்பது சரி. சுற்றுலாவுக்கும் சிகிச்சைக்கும் வணிகப் பயணத்துக்கும்தான் அந்தச் சலுகை. வேலைக்குத் தனி அனுமதி வேண்டும், அதையும் முதலாளிதான் வாங்க வேண்டும். அங்கே ஒரு ரிசார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு முழுத் தீவு. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தாலும் பஸ் ஏறி வெளியே வந்துவிட முடியாது.

போய் இறங்கித்தான் வேலை தேடுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்பவருக்கு அந்தமான் இருக்கிறது. போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம். இந்தியருக்கு விசா வேண்டாம், சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். தமிழர்கள் நிறைய வாழும் ஊர். ஆனால் ஹோட்டல், படகு வேலைகள் எல்லாம் சீசனை நம்பியவை. மே மாதக் கடைசியில் மழை பிடித்தால் ஆள் குறைப்பு தொடங்கும். அரிசி பருப்பிலிருந்து சிமென்ட் வரை கப்பலில் வருவதால் செலவும் கூடுதல். அக்டோபரில் போய் இறங்குபவருக்கும் ஜூனில் போய் இறங்குபவருக்கும் கிடைப்பது ஒரே ஊர் அல்ல. லட்சத்தீவுக்கோ இந்தியருக்கே நுழைவு அனுமதி தேவை, அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மாநில அரசுக்குச் சொந்தமாக அயல்நாட்டு மனிதவள நிறுவனம் ஒன்று 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. ஏமாந்து திரும்பும் பிள்ளைகளைக் கேட்டால் இரண்டையும் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள். இங்கேதான் ஊராட்சிகள் மேல் கோபம் வருகிறது. மே 1, தொழிலாளர் தினம் என்றே கிராம சபை கூட்டுகிறோம். தண்ணீர்த் தொட்டிக்கும் தெருவிளக்குக்கும் தீர்மானம் போடுகிறோம். வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் ஆள் அனுப்பியே பிழைக்கும் ஊர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. அந்த ஊர்களில் பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பெயர்களைக் கிராம சபையில் உரக்கப் படிக்க அரை மணி நேரம் ஒதுக்கினால் என்ன? பதிவு இல்லாதவர் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஒரு தமிழ் ஐபிஏ பிரதியைப் பெரிதாக நகலெடுத்து நூலகச் சுவரில் ஒட்டி, சம்பள வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கலாம். ஊராட்சி எழுத்தர் ஒருவரும் ஜெராக்ஸ் கடையும் இருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை.