களிமண்ணுக்குள் புத்தக அடுக்கு

கேள்வி: செராமிக் டிப்ளமா படிக்கிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்றில் சீனக் களிமண், தாள்களை அடுக்கிய புத்தகம் மாதிரி இருக்கிறது. இன்னொரு படத்தில் ஏறக்குறைய அதே வேதிப்பொருள் குழாய் குழாயாகத் தெரிகிறது. களிமண் என்பது பாறை தேய்ந்த பொடிதானே? பொடிக்கு எப்படி இத்தனை ஒழுங்கான வடிவம்?
– மாணவி, விருத்தாசலம்

பதில்: 'தேய்ந்த பொடி' என்று நினைப்பதில்தான் சிக்கல். சீனக் களிமண்ணின் முக்கியக் கனிமமான கயோலினைட், படிகமாக வளர்ந்து உண்டானது. கிரானைட்டில் உள்ள ஃபெல்ஸ்பார்மீது கரியமில வாயு கரைந்த மழைநீர் காலங்காலமாக இறங்கும்போது, பொட்டாசியமும் சோடியமும், சிலிக்காவில் ஒரு பங்கும் கரைந்து போய்விடும். மிஞ்சிய சிலிக்காவும் அலுமினாவும் நீரோடு சேர்ந்து புதுப் படிகமாகும். அரிக்கப்பட்ட ஃபெல்ஸ்பாரை நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் மேல் கோணல்மாணலாக இல்லாமல் நேர்விளிம்புள்ள குழிகள் இருக்கும். பக்கத்திலேயே ஆறுகோணத் தகடுகள். அரைத்த பொடிக்கு அப்படி ஆறுகோண விளிம்பு அமையவே அமையாது.

இனி உங்கள் புத்தகம். அதன் ஒரு தாளின் அடிப்படை அடுக்கு சுமார் 0.7 நானோமீட்டர் தடிமன்: ஒரு பக்கம் சிலிக்கா, மறுபக்கம் அலுமினா. படத்தில் ஒரே தாளாகத் தெரிவது இப்படிப் பல அடுக்குகள் சேர்ந்தது. அடுக்குகளை ஹைட்ரஜன் பிணைப்பு பிடித்துவைத்திருக்கிறது. சிலிக்காப் பக்கம் இயல்பில் அலுமினாப் பக்கத்தைவிடக் கொஞ்சம் அகலம். இந்தப் பொருத்தமின்மையால் இத்தகைய அடுக்கு வளைய விரும்பும் என்று வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1930-லேயே சொல்லிவிட்டார். கயோலினைட்டில் சிலிக்கா அலகுகள் சற்றுத் திரும்பி இடத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அண்டை அடுக்கின் பிடியும் இருப்பதால் தகடு தட்டையாகவே நிற்கிறது. ஏறக்குறைய அதே வேதிப்பொருளான ஹாலோய்சைட் என்ற கனிமத்திலோ அடுக்குகளுக்கிடையே ஒரு படலம் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிடி தளர்கிறது, அடுக்கு சுருள்கிறது; வெளியே சிலிக்கா, உள்ளே அலுமினா. நீங்கள் பார்த்த குழாய் அதுதான். காய்ந்து தண்ணீர் போனபின்னும் குழாய் வடிவம் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும்.

தாள் மேல் தாள் எப்படி ஏறுகிறது என்பது எனக்கு இதைவிடச் சுவாரசியம். வழவழப்பான படிக முகத்தில் புதிய அடுக்கைத் தொடங்குவது அணுக்களுக்குக் கடினம். ஒட்ட ஒரு விளிம்பு வேண்டும். படிகத்தில் அடுக்குகள் திருகுபோல் ஏறும் 'திருகல் குறை' ஒன்று இருந்தால் அந்த விளிம்பு தீரவே தீராது, வளர வளரச் சுற்றிக்கொண்டே போகும் என்று இயற்பியலாளர் சார்லஸ் ஃபிராங்க் 1949-இல் விளக்கினார். ஜப்பானிய ஆய்வாளர் சுனாகவாவும் அவருடைய சகாவும் கயோலின் வகைக் கனிமங்களின் மேல் வெற்றிடத்தில் தங்கத்தைப் படியவிட்டார்கள். தங்கத் துகள்கள் படிவிளிம்புகளில் வரிசையாகப் போய் உட்கார, சுருள் கோடுகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தன. 1975-இல் அதை வெளியிட்டார்கள். ஒரு குறைதான் படிகத்தை வளர்க்கிறது, பாருங்கள்!

உங்கள் தொழிலுக்கும் இதில் சங்கதி உண்டு. களிமண் குழைவது, நீர்ப்படலத்தின் மேல் தகடுகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்குவதால். பெரிய புத்தகங்களாகக் கட்டுக்கட்டாக இருக்கும் சீனக் களிமண் அவ்வளவு குழையாது. தகடுகள் மிக நுண்ணியதாக உள்ள 'பால் கிளே' (ball clay) என்ற களிமண் நன்றாகக் குழையும். கலவையில் இரண்டையும் சேர்ப்பதற்கு இது ஒரு காரணம்.

படம் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. மின்சாரம் தேங்காதிருக்க மாதிரியின் மேல் தங்கம் பூசுவார்கள். மிகப் பெரிதாக்கினால் அந்தப் பூச்சின் மணிகளே மேற்பரப்பின் சொரசொரப்பு போலக் காட்டும். காயும்போது விழுந்த வெடிப்பும் அப்படித்தான், இயற்கை அமைப்பு என்று எழுதிவிடுவார்கள்.

நீங்களே மாதிரி கொடுப்பதானால் உரலில் அரைக்காதீர்கள், புத்தகங்கள் பிய்ந்துபோகும். காய்ந்த கட்டியைக் கையால் உடைத்து, புதிதாக உடைந்த முகம் மேலே இருக்கும்படி ஒட்டித் தருமாறு ஆய்வகத்தில் சொல்லுங்கள்.