சாப்பாடு சம்பளமாகுமா?

மட்டக்களப்பு வாவியோரத்தில் காத்தான்குடி முதல் ஏறாவூர் வரை ஹோட்டல் தொழில் நம்மவர் பலருக்குச் சோறு போடுகிறது. ஆனால் அடுப்படியில் நிற்கும் ஊழியரின் சம்பளம் என்று வந்தால், "மூன்று வேளைச் சாப்பாடும் படுக்க இடமும் கொடுக்கிறேன், கையில் 20,000 போதாதா?" என்று கேட்கும் முதலாளிமாரும் உண்டு.

போதாது. தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016இல் வந்தபோது மாதச் சம்பளம் 10,000 ரூபா. 2025ஆம் ஆண்டுத் திருத்தப்படி 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ஆகவும் அது உயர்த்தப்பட்டது. நாட்கூலி 1,200 ரூபா. சட்டம் குறிப்பிடுவது ரூபாய்த் தொகையை. சோற்றுப் பார்சலை அல்ல. மாறாக, ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் முதலாளி கொடுக்கும் உணவின் பெறுமதியையும் ஊழியரின் உழைப்பு வருமானத்தில் சேர்த்தே கணக்கிடச் சொல்கிறது.

உணவின் பெறுமதியைச் சேர்க்காமல், 30,000 ரூபா சம்பளத்துக்கு மட்டும் கணக்குப் பார்ப்போம். ஊழியரிடம் கழிக்கும் சேமலாப நிதி 8 சதவீதம், 2,400 ரூபா. முதலாளி செலுத்த வேண்டியது 12 சதவீதம், 3,600 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 சதவீதம், 900 ரூபா. ஊழியர் கைக்கு 27,600; முதலாளிக்குச் செலவு 34,500. மாதம் 26 நாள் வேலை என்றால் ஒருவருக்கு ஒரு நாள் செலவு சுமார் 1,327 ரூபா. முதலாளியின் பங்கான 12ஐயும் 3ஐயும் ஊழியரின் சம்பளத்தில் கழிக்க முடியாது. சேமலாப நிதியைப் பிந்திக் கட்டினால் 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு.

வேலை நேரத்துக்கும் கணக்குண்டு. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. சுபஹுக்குத் தேத்தண்ணி போட்டவரே இரவு கொத்தும் போட்டால், மேலதிக மணித்தியாலங்களை எழுதி வைப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

ஆகவே கொத்துக்கும் சோற்றுக்கும் விலை போடும்போது அரிசி, இறைச்சி, காஸ் செலவோடு இந்த 34,500 ரூபாவையும் சேர்த்துப் போடுங்கள். ஊழியரின் உரிமையைக் கழித்துக் குறைந்த விலைக்கு விற்பது வியாபாரத் திறமையல்ல. அந்த இலாபத்தில் பிறருடைய ஹக்கு கலந்திருக்கிறது. கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அறிந்த நமக்கு இது சட்டப் பிரச்சினை மட்டுமல்ல, அமானிதமும் கூட.

இந்த மாதச் சம்பளப் பட்டியலை எழுதும் முன் ஒருமுறை கணக்குப் பாருங்கள்.