மிதிவண்டியும் மூன்று அளவுகளும்

நம் பல்கலைக்கழக வளாகத்தில் மிதிவண்டியின்றி வாழ்வது அரிது. விடுதிக்கும் வகுப்பிற்கும் இடையே அதுவே நமக்குக் கால். ஊரிலிருந்து வந்திறங்கிய முதல் வாரத்திலேயே பழைய வண்டி ஒன்றை விலைபேசி வாங்கிவிடுகிறோம். அளந்து பார்த்து வாங்குவோர் எத்தனை பேர்? நானும் அளக்கவில்லை. அதன் விளைவை அனுபவித்தவனோ நான் அல்லேன், என் அறைத்தோழன். அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

1. சட்டமும் உடலும்

கடைக்காரர் 'பிரேம்' என்னும் சட்டமே வண்டியின் எலும்புக்கூடு. அதன் அளவு, மிதிகட்டை அச்சிலிருந்து சீட்டுக்குழாயின் மேல்முனை வரையுள்ள நீளம். என் வண்டி 24 அங்குலம். அதாவது 61 செ.மீ. நான் நெட்டையன், எனக்கு அது பொருந்தியது. தோழனுக்குக் கவட்டிலிருந்து தரை வரை 76 செ.மீ. தான். வண்டியின் பார் தரையிலிருந்து 86 செ.மீ. உயரம். அவன் இரு பாதமும் ஊன்றி நிற்க வழியே இல்லை.

சீட்டின் உயரத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. கவட்டுயரத்தை 0.883 ஆல் பெருக்கினால், மிதிகட்டை அச்சிலிருந்து சீட்டின் மேற்புறம் வரை இருக்கத்தக்க உயரம் ஏறக்குறையக் கிடைக்கும். தோழனுக்கு அது 67 செ.மீ. 61 செ.மீ. குழாயின்மேல் சுருள்வில் வைத்த சீட்டை அடிவரை இறக்கினாலும் அந்த உயரத்திற்கு வராது.

குழாயின் சாய்வும் கவனிக்கத்தக்கது. பந்தய வண்டியில் அது ஏறக்குறைய 73 பாகை; நம் பழைய வண்டிகளில் 68 பாகை அளவிலும் இருக்கும். அதே 67 செ.மீ. உயரத்தில் இவ்வேறுபாடு சீட்டை ஐந்தரை செ.மீ. பின்னுக்குத் தள்ளிவிடும். கைப்பிடி அவ்வளவும் எட்டப் போய்விடும்.

2. பிரேக்கின் எட்டளவு

பிரேக்கைச் சட்டத்தில் பூட்டும் திருகாணியிலிருந்து பிரேக் கட்டையின் நடு வரையுள்ள தொலைவே எட்டளவு. கட்டையை மேலும் கீழும் நகர்த்த ஒரு காடி உண்டு. குறும் பிரேக்குகள் 39 முதல் 49 மி.மீ. வரையும், நெடும் பிரேக்குகள் 47 முதல் 57 மி.மீ. வரையும் எட்டுவன. 'எல்லாவற்றிற்கும் நெடும் பிரேக்கே போடலாமே' எனில், அதற்கும் விலை உண்டு. பிரேக் ஒரு நெம்புகோல். மேற்கை மாறாமல் கீழ்க்கை 49-லிருந்து 57 மி.மீ. ஆக நீண்டால், பிடியின் வலிமை ஏறக்குறைய 14 விழுக்காடு குறையும்.

3. பெயர் ஒன்று, அளவு இரண்டு

என் வண்டியின் முன் ரிம் துருப்பிடித்தது. '28 அங்குலம்' என்று கேட்டேன். 28 என்றே கொடுத்தார்கள். மிஸ்திரியும் மாட்டிவிட்டார். 28 என்னும் பெயரில் இரு சக்கரங்கள் உள்ளன என்பதை நான் அறியேன். பழைய 28 × 1½ டயர் அமரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ.; 700சி எனப்படும் மற்றதன் விட்டம் 622 மி.மீ. வேறுபாடு 13, ஆரத்தில் அதன் பாதி, ஆறரை மி.மீ.

ஆறரை மி.மீ. ஒரு பொருட்டா? பிரேக் கட்டையின் உயரமே ஏறக்குறைய ஒரு செ.மீ. தான். கட்டை முன்பே காடியின் அடியில் இருந்தது. மேலும் இறங்க இடமில்லை. ஆகவே பாதி ரிம்மையும் பாதி டயரின் பக்கத்தையும் கவ்வியது. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே வெளி கூடியதைக் கண்டு, 'இனிச் சேறு அடைக்காது' என்று நான் மகிழ்ந்தேன்! அந்த இடைவெளியே அபாய அறிவிப்பு என்று அன்று தெரியவில்லை.

ஒரு மழைநாள் மாலை தோழன் அவ்வண்டியைக் கேட்டான், கொடுத்தேன். நாற்சந்தியில் அவன் பிரேக் பிடித்தான். பல நாள் உராய்ந்து நைந்த டயர் வெடித்தது. காலை ஊன்ற முயன்றான், தரை எட்டவில்லை. வலக்கை மணிக்கட்டு முறிந்தது; அந்தப் பருவத் தேர்வும் போயிற்று.

4. மூன்றும் ஒன்றே

உடற்பொருத்தம், எட்டளவு, டயர் இடைவெளி ஆகிய மூன்றும் தனித்தனியல்ல. மட்கார்டும் பருத்த டயரும் வேண்டுமெனில் சட்டத்தில் இடம் விடவேண்டும். இடம் விட்டால் பிரேக் நீளவேண்டும். நீண்டால் வலிமை குன்றும். இக்காலத் தட்டு பிரேக் இம்முடிச்சில் ஒன்றை அவிழ்த்தது. அது ரிம்மைப் பிடிப்பதில்லை. சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கிறது. எனினும் டயர் உரசாமல் சுழல வேண்டிய இடைவெளியும், ஏறுவோனின் கால் நீளமும் அங்கேயும் மாறா.

எனவே வண்டி வாங்கும் நண்பர்களே, பாரின் குறுக்கே இரு பாதமும் பதிய நின்று பாருங்கள். டயர் மாற்றுகையில் அங்குலக் கணக்கை நம்பாது, அதன் பக்கத்தில் பொறித்துள்ள 40-635, 37-622 போன்ற எண்களைப் படியுங்கள். முன்னது டயரின் அகலம். பின்னது ரிம்மின் விட்டம். பிரேக்கை அழுத்திக் குனிந்து பாருங்கள். கட்டை முழுவதும் ரிம்மில் படிய வேண்டும். இவற்றிற்கு ஐந்து நிமிடம் போதும். என் தோழன் ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தான். அவனுக்காகப் பாடக் குறிப்புகளை எழுதியபோதுதான் இவ்வளவையும் நான் கற்றேன்.