செல்ஃப் அடிக்கிறது, வண்டி கிளம்பவில்லையா? புகையைப் பாருங்கள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றியாகிவிட்டது. விடியற்காலை மூன்று மணி. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்க மறுக்கிறது. 'நாசில் போச்சு, பம்பு போச்சு' என்று பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். செலவில்லாத சோதனையில் தொடங்கிப் படிப்படியாகப் போனால் பாதிக் குழப்பம் ரோட்டோரத்திலேயே தீரும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே போன காற்றை பிஸ்டன் ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை இறுக்குகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ஆகவே இன்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று வர வேண்டும், டீசல் அழுத்தத்தோடு வர வேண்டும். இந்த மூன்றில் எது குறைகிறது என்பதுதான் கேள்வி.

1. டாஷ்போர்டு
டீசல் முள்ளை முழுதாக நம்பாதீர்கள். டேங்கில் கொஞ்சமே இருந்து, வண்டி சரிவில் நின்றால் குழாய்க்கு டீசல் எட்டாது. சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை; மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

2. சுற்றும் சத்தம்
இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரியில் குறை. டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி, இறுக்குங்கள். மீட்டர் இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி 9.6-க்குக் கீழே இறங்கினால் அதற்குத் தெம்பு போதாது. இதற்கு நேர்மாறாக, வழக்கத்தைவிட லேசாக, விர்ரென்று சுற்றினால் அப்போதே நிறுத்திவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் வால்வு வளையலாம்.

3. புகை
ஒருவர் சாவியில், ஒருவர் சைலன்சர் பக்கம். பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள்.
• வெள்ளைப் புகை: டீசல் வருகிறது, பற்றவில்லை. குளிர் நேரமென்றால் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகியுங்கள். டீசலில் தண்ணீர் கலந்திருந்தாலும் கம்ப்ரஷன் குறைந்திருந்தாலும் இப்படித்தான்.
• கறுப்புப் புகை: காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.
• புகையே இல்லை: டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. அடுத்த இரண்டு படிகளும் இதற்குத்தான்.

4. டீசல் வழி
டேங்க் காலியாகி மறுபடி நிரப்பினாலோ, புது டீசல் ஃபில்டர் மாட்டினாலோ ஏர் பிடித்துக்கொள்ளும். ஃபில்டர் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். கை பம்பு இருந்தால் கெட்டியாகும் வரை அமுக்குங்கள். எவ்வளவு அமுக்கினாலும் தொளதொளவென்றே இருந்தால் குழாய் மூட்டிலோ ஃபில்டர் வாஷரிலோ காற்று புகுகிறது.

பழைய பம்பு வண்டியில் நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்கள். காமன் ரயில் வண்டியில் அந்தப் பழக்கம் கூடவே கூடாது. செல்ஃப் அடிக்கும்போதே அங்கே நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் ஏறும். ஊசிபோலப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

5. மின்சாரம்
ஃபியூஸ், ரிலேயைப் பாருங்கள். பழைய வண்டியில் சாவி போட்டதும் பம்பிலுள்ள சாலினாய்டு 'டிக்' எனச் சத்தமிட வேண்டும். புது வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் அசையாமல் கிடந்தால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

செய்யக் கூடாதவை
• ஏர் குழாயில் பெட்ரோலோ ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயோ அடிக்காதீர்கள். ஹீட்டர் பிளக் சூட்டில் வெடிக்கும்.
• தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். பத்து விநாடிக்கு ஒரு நிமிடமாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் மோட்டார் கருகும்.
• வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இத்தனைக்கும் பிடிக்கவில்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். போனில் 'ஸ்டார்ட் ஆகல' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'நல்லா சுத்துது, புகை வரல, நேத்துதான் ஃபில்டர் மாத்தினோம்' என்று சொல்லுங்கள். எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.