மூச்சுக்குழாய்க்குள் ஒரு துடைப்பம்



விடிகாலையில் பெரட்டுக்குப் போனது முதல் பொழுது சாய்கிறவரை தூசியும் புகையும் கிருமியும் நம் மூச்சோடு உள்ளே போய்க்கொண்டே இருக்கின்றன. இவ்வளவும் நெஞ்சில் தங்கிவிடாமல் வெளியேற்றுவது மூச்சுக்குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஒரு மெல்லிய திசு. அதற்குக் குற்றிழைத் திசு என்று பெயர்.

குற்றிழை என்றால் குட்டை மயிர் போன்ற இழை. வெறும் கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப் வேண்டும். ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக்கினால் அதில் 6 அல்லது 7 பங்குதான் ஓர் இழையின் நீளம். உயிரணு ஒன்றின் தலையில் சுமார் 200 இழைகள் நிற்கும். நடுநடுவே கோப்பை போன்ற வேறு உயிரணுக்கள் இருந்து சளியைச் சுரக்கின்றன. சளி என்றதும் நாம் முகம் சுளிக்கிறோம். அந்தப் பிசுபிசுப்புதான் தூசியை ஒட்டிப் பிடிக்கிறது.

லாலாங் புல் காற்றில் அலை அலையாகச் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். இழைகளும் அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக அசைகின்றன, விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல். மேல்நோக்கித் தள்ளும்போது விறைப்பாக நிற்கும். திரும்பும்போது வளைந்து கொடுக்கும். துடுப்புப் போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால் சளி நிமிடத்துக்கு அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை மேலேறித் தொண்டைக்கு வரும். நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். வயிற்றிலுள்ள அமிலம் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும்.

(பெண்களின் கருக்குழாயிலும் இதே திசு உண்டு. சினைமுட்டையைக் கருப்பைப் பக்கம் நகர்த்த அது உதவுகிறது. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.)

சிகரெட், சுருட்டு, பீடி எதுவானாலும் அதன் புகை இந்த இழைகளை மந்தமாக்கும். வருஷக்கணக்கில் பிடித்தால் இழைகள் குட்டையாகிக் குறைந்தும் போகும். சளியோ முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். துடைப்பம் ஓய்ந்த பிறகு சளியை வெளியேற்ற இருமல் ஒன்றுதான் வழி. தூங்கும்போது புகை இல்லாததால் இழைகள் கொஞ்சம் உயிர் பெறும். தேங்கிய சளி கிளம்பும். காலையில் லயம் முழுக்கக் கேட்கிற இருமலுக்கு இதுவும் ஒரு காரணம்.

"டிரசரையா, சிகரெட்டை விட்டேன், இருமல் கூடிப்போச்சு. குடிச்சப்பவே நல்லா இருந்தேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பற்ற வைக்கிறவர்கள் பலர். ஐயா, அந்த இருமல் பெரும்பாலும் இழைகள் திரும்ப வேலைக்கு வருவதன் அடையாளம். சில வாரம் பொறுங்கள், சிலருக்குச் சில மாதமும் ஆகலாம், அடங்கும். இந்த நேரத்தில் இருமலை அடக்கும் மருந்தை நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள். வெந்நீர் குடியுங்கள். சிகரெட்டை நிறுத்த அரசாங்கக் கிளினிக்குகளில் உதவி கிடைக்கும். கேட்க வெட்கம் வேண்டாம்.

சிகரெட் தொடாதவர்களையும் புகை விடுவதில்லை. 2005 ஆகஸ்ட் 11இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்களே, நினைவிருக்கும். சுமாத்திராவில் எரிந்த காட்டின் புகை வந்து, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியது. 300க்கு மேல் போனாலே ஆபத்து என்பது கணக்கு. அந்தப் புகையின் மிக நுண்ணிய துகள்கள் இழைகளுக்குத் தப்பி நுரையீரலின் கடைசிக் காற்றறைக்கே போய்விடும். அங்கே குற்றிழை கிடையாது. கைக்குட்டை கட்டினால் அவை நிற்காது. என்95 முகக்கவசம் முகத்தோடு பொருந்தியிருந்தால்தான் பயன். லயத்துக்குப் பின்னால் குப்பை எரிப்பதும், சன்னலைச் சாத்திக் கைக்குழந்தை பக்கத்தில் கொசுவத்தி கொளுத்துவதும் நம் கையால் நாமே உண்டாக்கும் புகைமூட்டம்தான்.

ஆனால் எல்லா இருமலையும் புகைமேல் போட்டுவிடக் கூடாது. சிகரெட்டை விட்டவராக இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும். இரத்தம் கண்டால், சாயங்காலக் காய்ச்சல் அடித்தால், உடம்பு மெலிந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திராதீர்கள். கிளினிக்கில் கொடுக்கும் டப்பாவில், காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி வரும் முதல் சளியைத் துப்பிக் கொண்டுபோங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் சோதனைக்கு உதவாது.