பழைய மோட்டார் வண்டியின் மின்னாளிகள்

யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் இன்றும் ஓடக் காண்கிறோம். அவற்றின் இயந்திரத்தைப் பேணுவோர் பலர். மின்கம்பிகளைப் பேணுவோர் சிலரே. வண்டி தீப்பற்றுதற்கு அக்கவலையீனம் ஒன்றே போதும். ஆதலின், கல்லூரி ஆய்வுகூடத்தில் நாம் கற்ற ஓமின் விதியைத் துணைகொண்டு இதனை ஆராய்வோம்.

1948ஆம் ஆண்டு வெளிவந்த மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதன் முன்விளக்குகளுக்குரிய மின்னோட்டம் முழுவதும் ஓட்டுநர் முன்னுள்ள ஆளியினூடாகவும் காலடியிலுள்ள டிம் ஆளியினூடாகவும் செல்லும். அவ்வழியில் உருகி இல்லை. முற்கால வண்டிகளின் கம்பிகளோ இறப்பர் உறையின்மேல் பருத்திநூல் பின்னியவை. ஆண்டுகள் செல்ல இறப்பர் இறுகி வெடிக்கும். செம்பு வெளிப்பட்டு வண்டியின் உடலைத் தொடும்.

ஒளி போதாதென்று சிலர் 60 வாற்று விளக்குகள் இரண்டை மாட்டுவர். 42 வாற்றுப் பழைய விளக்குகள் இரண்டும் 7 அம்பியரே கொள்வன. புதியவை 10 அம்பியர் கேட்கும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமாதலின், ஆளியிற் பிறக்கும் வெப்பம் இருமடங்காகும். கறுத்துப்போன தொடுகையில் 0.1 ஓம் தடை உளதெனின், 1 வோல்ற்று அங்கேயே இழக்கப்படும். 10 வாற்று வெப்பம் அச்சிறு ஆளியினுள் தோன்றும். வெப்பம் தொடுகையைக் கெடுக்க, கெட்ட தொடுகை மேலும் வெப்பந் தரும். அழுத்தம் பத்திலொரு பங்கு குறையின் ஒளி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குன்றுமாதலின், நாடிய பயனும் கிட்டாது.

இதற்குப் பரிகாரம் யாது? பழைய ஆளியை அகற்ற வேண்டுவதில்லை. அதன் சுமையை இறக்குதலே வேண்டும். மங்கற்கதிருக்கு ஒன்றும் நெடுங்கதிருக்கு ஒன்றுமாக இரண்டு றிலேக்களைப் பொருத்துக. டிம் ஆளியிலிருந்து வரும் பழைய கம்பிகளை அவற்றின் சுருள்களுக்குக் கொடுக்க. சுருள் கொள்வது காற்பங்கு அம்பியரிலும் குறைவே. பற்றறியிலிருந்து றிலேக்கும் அங்கிருந்து விளக்குகளுக்கும் 2 சதுர மில்லிமீற்றர் செப்புக்கம்பி இடுக. ஒவ்வொரு வழிக்கும் 15 அம்பியர் உருகியைப் பற்றறியின் அருகிலேயே வைக்க. வெடித்த பழைய கம்பிகளை முற்றாக மாற்றுக.

வேலை தொடங்குமுன் பற்றறியைக் கழற்றுதல் முதற்கடன். இவ்வண்டிகளுட் பல நேர்முனையை உடலோடு இணைத்தவை. இருவாயி பொருத்திய றிலேயாயின் முனை மாறலாகாது. விளக்குகளின் புவித்தொடுப்புகளையும் உரோஞ்சித் துப்புரவாக்குக. பழைய டைனமோ தருவது ஏறக்குறைய 20 அம்பியரே. றிலே அதனைப் பெருக்காது என்பதையும் மறவற்க.

முடிவில் இயந்திரத்தை ஓடவிட்டு, விளக்குகளை அரைமணி நேரம் எரித்து, ஆளியைக் கையாற் தொட்டுப் பார்ப்போம். அது குளிர்ந்திருப்பின் நாம் கற்ற விதி வீண்போகவில்லை.